ஸ்டார்ட்டர் பெட்டியில் மிச்சமிருந்த இரண்டு பாட்டு

என் மாமாவுக்கு, என் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போனவருக்கு,

உங்கள் பெட்டி என் மேசைமேல் இருக்கிறது. நாளைக் காலை அதை மாரண்டஹள்ளிக்குத் திரும்ப எடுத்துப்போக வேண்டும். அக்காவிடம் சொல்லிவிட்டேன். கொடுக்க மனம் வரவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இறந்தவர்களிடம் பொய் சொல்ல முடியாது என்பார்கள். முடிகிறது. பதினாறாம் நாள் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது சுவரில் இருந்த இந்தப் பெட்டியை.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்காகச் சில வரிகள். நீங்கள் என் அக்கா காவேரியின் கணவர். மாரண்டஹள்ளியில் மோட்டார் வைண்டிங் கடை. நாற்பத்தொரு வயது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, கடையில், திறந்து வைத்த சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்தபடி இறந்துபோனீர்கள். பெரிதாகப் படித்தவரில்லை. படித்த நான் ஆறு வருடமாகப் பொறாமைப்பட்ட ஒரே ஆள்.

பொறாமை காதில் தொடங்கியது.

ஓடும் மோட்டாரின்மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, அதன் பிடியைக் காதில் அழுத்திக்கொள்வீர்கள். கண்ணை மூடுவீர்கள். "கீழ் பேரிங்" என்பீர்கள். கழற்றினால் கீழ் பேரிங்தான் போயிருக்கும். நான் கோட்பாடுகள் படித்தவன். கேட்டலின் அரசியல் பற்றி முப்பது பக்கம் எழுதியவன். அதே ஸ்க்ரூடிரைவரை என் காதில் வைத்தால் மோட்டார் ஓடுகிறது என்பது மட்டும் கேட்டது.

பாட்டிலும் அப்படித்தான். ஒவ்வொரு ஞாயிறும் நான் அதியமான்கோட்டையிலிருந்து பைக்கில் வருவேன். முன்னறையில் அந்த ஒற்றை நாற்காலி. இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் நீங்கள் அளந்து போட்டது. என்னை அதில் உட்காரவைத்து நீங்கள் தரையில் உட்காருவீர்கள். "மூணாவது நிமிஷம் கேளு மச்சான். வயலின்காரரு மூச்சு இழுப்பாரு." மூன்றாவது நிமிடம் வரும். எனக்கு வயலின் கேட்கும். மூச்சு கேட்காது. கேட்டதுபோலத் தலையாட்டுவேன். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, என் வீட்டில் தனியாக, பத்துத் தடவை திருப்பிப் போட்டபின் கேட்கும். அப்போது சந்தோஷம் வராது. உங்களுக்கு எப்படி முதலிலேயே கேட்டது என்ற கேள்விதான் வரும்.

அதனால் சாமான்கள் வாங்கினேன். ஆம்ப்ளிஃபையரை மாற்றினேன். ஸ்பீக்கரை மாற்றினேன். கம்பியைக்கூட மாற்றினேன், ஒயருக்கெல்லாம் சத்தம் மாறுமா என்று நீங்கள் கேட்டபிறகும். என் அறைக்கு நூறடி தள்ளி நெடுஞ்சாலை. எத்தனை மாற்றினாலும் பாட்டுக்கு அடியில் லாரி ஓடிக்கொண்டிருக்கும்.

நீங்கள் ஒன்றும் வாங்கவில்லை. ஓசூரில் யாரோ கழித்துப்போட்ட அலுவலகக் கணினி ஒன்றை எடுத்துவந்தீர்கள். விசிறியைப் பிடுங்கிவிட்டு ஒரு அலுமினியத் தகட்டைப் பொருத்தினீர்கள். அதைப் பழைய மோட்டார் ஸ்டார்ட்டரின் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடி, சுவரில் நிஜ ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டீர்கள். பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஓடும். சிவப்பை அமுக்கினால் நிற்கும். அதுதான் உங்கள் மியூசிக் சர்வர். இருபது வருட கேசட்டுகளும் சிடிகளும், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் யார் யாரோ பதிவுசெய்து வைத்திருந்த கன்னடப் பாட்டுகளும், எல்லாம் அதற்குள். இது போர்வெல் மோட்டாருக்கு, இது பாட்டுக்கு என்று என்னிடம் காட்டினீர்கள். சிரிக்கவில்லை.

எனக்கு மட்டும் தெரிந்த பெட்டி என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் போன அன்று உங்கள் பெரியப்பா வீடு முழுக்கச் சுற்றிவந்தார். சாவு வீட்டில் பதினாறு நாள் பாட்டுச் சத்தம் கூடாது. டிவி ஒயரைப் பிடுங்கினார். ஆம்ப்ளிஃபையரைப் பிடுங்கினார். ஸ்பீக்கர்மேல் வேட்டியைப் போட்டு மூடினார். பக்கத்து வீட்டு எஃப்எம்மைக்கூட நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். கடைசியாகச் சுவரில் இருந்த இரண்டு தகரப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"இது ரெண்டும்?"

"மோட்டார் ஸ்டார்ட்டருங்க" என்றார் யாரோ.

"அப்ப கைய வைக்காதீங்க. ஆளு வர வர தண்ணி வேணும்."

நான் அங்கேயே நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பெட்டி ஓடட்டும், ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நினைத்தேன். இந்தக் கூட்டத்திலேயே அது ஓடுவது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். அழுகைக்கு நடுவில் அது ஒரு சின்னப் பெருமை. மன்னியுங்கள். உண்மை அதுதான்.

பதினாறு நாளும் நான் ஒரு பாட்டும் கேட்கவில்லை. காதில் ஒன்றும் மாட்டவில்லை. கல்லூரியில் என் மாணவன் ஒருவன் பாட்டு முணுமுணுத்தபோது அறையைவிட்டு வெளியே போய் நின்றேன். அவ்வளவு சுத்தமாக இருந்தேன்.

பதினேழாம் நாள் கேட்டேன். "அக்கா, அந்தப் பெட்டி சும்மாதான கெடக்குது. வூட்ல யாருக்கும் அதை ஓட்டத் தெரியாது. நான் எடுத்துட்டுப் போறேன்."

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடவில்லை. "எடுத்துக்க தம்பி" என்றாள்.

சிவப்புப் பொத்தானை நான்தான் அமுக்கினேன்.

அன்று மாலையே என் வீட்டில் மாட்டி ஓடவிட்டேன். உங்கள் பெயரும் கடவுச்சொல்லும் எனக்குத் தெரியும். ஒருமுறை நீங்களே சொன்னது. கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை நீங்கள் ஏற்றிவைத்த தொகுப்பு மேலே இருந்தது. பதினாறு கன்னடப் பாட்டுகள். ஏதோ கல்யாணத்தில் பெண்கள் பாடியது. கேசட்டை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றியிருப்பீர்கள். நான் அன்று மதியமே கிளம்பிவிட்டதால் எனக்குக் காட்டவில்லை. ஒரே மூச்சில் பதினாறையும் கேட்டேன். லாரிகளோடு சேர்த்து.

பிறகு புது சர்வர் வாங்கினேன். பாட்டுக்கென்றே செய்தது, வேறு எந்த வேலைக்கும் ஆகாது. விசிறி இல்லை. மின்சாரத்தைச் சுத்தப்படுத்த அதற்குத் தனியாக ஒரு பெட்டி. கனமான அலுமினிய உடம்பு. தொட்டால் குளிர்ச்சி. அதை ஆம்ப்ளிஃபையரோடு இணைத்து முதல் பாட்டைப் போட்டபோது, நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்தேன். நீங்கள் ஒத்துக்கொண்டிருக்கவேண்டும் மாமா. சத்தத்துக்குப் பின்னால் இருந்த அமைதி இன்னும் கறுப்பாகியிருந்தது. வாத்தியங்கள் விலகி நின்றன. அந்த மூச்சு எனக்கு முதல் தடவையிலேயே கேட்டது.

ஜெயித்துவிட்டேன். யாரிடம் போய்ச் சொல்வது?

பழைய பெட்டியிலிருந்து பாட்டுகள் முழுவதையும் புதியதற்கு மாற்றிவிட்டு, பழையதை அழித்துவிடலாம் என்று இருந்தேன். தகரப் பெட்டியை நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம். அழிப்பதற்குமுன் அது ஒரு பட்டியலைக் காட்டியது. யார் யார் இதில் கேட்டிருக்கிறார்கள், எத்தனை முறை, எப்போது.

இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று உங்களுடையது. எழுநூற்றுச் சொச்சம். இன்னொன்று கெஸ்ட். நாலாயிரத்துக்கு மேல்.

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அது நான் என்று நினைத்தேன். எனக்காக ஒரு பெயர் போட்டுவைத்துவிட்டுச் சொல்ல மறந்திருக்கிறீர்கள். ஞாயிறுதோறும் விருந்துக்கு வருபவன் நான்தானே? நாற்காலியில் என்னை உட்காரவைத்துப் போட்ட பாட்டெல்லாம் என் கணக்கில் ஏறியிருக்கிறது. கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பிறகு நேரங்களைப் பார்த்தேன். திங்கள், காலை எட்டு பத்து. செவ்வாய், எட்டு பத்து. புதன், எட்டு பத்து. மாலை ஐந்து நாற்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுமில்லை. ஒரு ஞாயிறுகூட இல்லை. கெஸ்ட் வீட்டில் உட்கார்ந்து கேட்கவில்லை. வெளியே எங்கேயோ இருந்து, போனில், உங்கள் பெட்டிக்குள் வந்து போயிருக்கிறார். வெளியிலிருந்து அதைக் கேட்கமுடியும் என்பதே எனக்குத் தெரியாது. நீங்கள் எனக்குச் சொன்னதில்லை.

ஆறு வருடத்தில் எனக்கென்று ஒரு சாவி தரவில்லை. யாருக்கோ தந்திருக்கிறீர்கள்.

அதற்குப்பின் நான் செய்தது எனக்கே பிடிக்கவில்லை. ஒவ்வொரு பாட்டாகப் பார்த்தேன். அந்த வயலின், கெஸ்ட் திங்கள் கேட்கிறார். செவ்வாய் மறுபடி. வியாழன் மறுபடி, ஏழெட்டுத் தடவை. சனிக்கிழமை நீங்கள் கேட்கிறீர்கள், ஒரே முறை. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போட்டுக்காட்டுகிறீர்கள். இன்னொரு பாட்டைப் பார்த்தேன். அதே வரிசை. பத்துப் பாட்டைப் பார்த்தேன். கெஸ்ட், பிறகு நீங்கள், பிறகு நான். விருந்தில் மூன்றாவது பந்தி நான்.

யார் அது? கணினி கொடுத்த ஓசூர்க்காரரா? கேசட் கொடுத்த தேன்கனிக்கோட்டை ஆளா? ஒரு பெண்ணா என்றும் நினைத்தேன். அதை நினைத்தபோது அக்காவுக்காக எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வந்தது எனக்காக.

கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அந்தப் பதினாறு கன்னடப் பாட்டுகள். நீங்கள் இறந்த மூன்றாம் நாள், பிற்பகல் இரண்டு நாற்பது, கெஸ்ட், முதல் பாட்டு. நான்காம் நாள், இரண்டாவது பாட்டு. ஐந்தாம் நாள், மூன்றாவது. ஒரு நாளைக்கு ஒன்று. ஒன்றுக்குமேல் ஒருநாளும் இல்லை. பதினாறாம் நாளில் பதினான்காவது பாட்டு. அதோடு நின்றுவிடுகிறது. மறுநாள்தான் நான் சிவப்புப் பொத்தானை அமுக்கியது.

நான் பாட்டே கேட்காமல் உங்களுக்குத் துக்கம் காத்த நாட்களில், யாரோ ஒருவர் பாட்டுக் கேட்டுத் துக்கம் காத்திருக்கிறார். நாள் தவறாமல். என்னைவிட ஒழுங்காக.

கடைசி இரண்டு பாட்டுக்கு நேராக கெஸ்ட் கணக்கில் சுழி. உங்கள் கணக்கில் ஒவ்வொன்று. அந்த ஒன்று நீங்களல்ல, உங்கள் பெயரில் நுழைந்த நான். அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இரண்டு பாட்டில் கெஸ்ட்டை முந்திவிட்டேன் என்று தோன்றியது.

அழிக்கும் பொத்தானை அமுக்கவில்லை. நல்ல எண்ணத்தில் அல்ல. யார் என்று தெரியாமல் அழித்துவிட்டால் தோற்றுப்போவேன்.

மறுநாள் கல்லூரி விடுமுறை. அக்காவிடம் சாடையாகக் கேட்டுப்பார்க்கலாம் என்று காலையிலேயே மாரண்டஹள்ளிக்குக் கிளம்பினேன். அக்கா ஒரு மாதம் கழித்து மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள், பாலக்கோட்டில் முன்பு வேலைபார்த்த அதே ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு. வீடு பூட்டியிருந்தது. பஸ் நிலையத்துக்குப் பைக்கை விட்டேன். பாலக்கோடு பஸ் புறப்படத் தயாராக நின்றிருந்தது. பைக்கை நிறுத்திவிட்டுப் பின்படியில் ஏறினேன். மணி எட்டு ஐந்து.

அக்கா நாலாவது வரிசையில் ஜன்னலோரம். காதில் கறுப்பு ஒயர். ரோட்டோரக் கடையில் தொங்குமே, அந்த வகை. மடியில் போன். பின்னால் இருந்து எட்டிப்பார்த்தேன். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நின்றது. இணைக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. அக்கா விரலால் தொட்டாள். மறுபடி வட்டம். மறுபடி அதே வரி. அவள் போனைக் கவிழ்த்துவைத்தாள். ஒயரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பஸ் நகர்ந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தார்.

"என்னங்க, இன்னைக்கும் பாட்டு வரலீங்களா?"

"இல்லீங்க."

"டவர் மாத்திப் பாருங்க."

"வரும்ங்க" என்றாள் அக்கா.

கண்டக்டருக்குத் தெரிந்திருக்கிறது மாமா. ஒரு டவுன் பஸ் கண்டக்டருக்கு.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் ஒரு பக்க ஒயரை மட்டும் எடுத்தாள். என்னடா இந்நேரத்தில், அம்மாவுக்கு ஏதாவதா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"கெஸ்ட் நீதானா?"

"அவரு வச்ச பேரு" என்றாள்.

"பெட்டிய எடுக்கறப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"வூட்ல யாருக்கும் ஓட்டத் தெரியாதுன்னு நீயே சொல்லிட்ட. அதுக்கப்புறம் நான் என்னத்தச் சொல்றது?"

"பெட்டி என்கிட்ட இருக்குதுன்னு உனக்குத் தெரியும். அப்புறம் எதுக்குப் போனை அமுக்கிட்டே இருக்க?"

"கை பழகிருச்சு."

ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். திடீரென்று எல்லாம் அடங்கியது. யாரோ ஒரு குழந்தை கொட்டாவி விடுவதுகூடக் கேட்டது. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "அந்த வயலின்காரரு மூச்சு, இங்கதான் கேட்டேன். ரயில்வே கேட் மூடியிருந்துச்சு. சாயங்காலம் வந்து அவருகிட்டச் சொன்னேன். அவருக்குக் கேக்கவே இல்ல. ஏழெட்டுத் தடவ போட்டுக் காட்டினேன்."

மாமா.

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? ஆறு வருடம் உங்கள் காதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நீங்கள் பொதுவாகப் பொய் சொல்லாதவர். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். எனக்குக் கேட்டது என்று நீங்கள் சொன்னதே இல்லை. "கேளு" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன், உங்களிடம் கேட்கமுடியாததால் அவளிடம். மறைக்கவில்லை என்றாள். சொல்லட்டுமா என்று நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அவள்தான் வேண்டாம் என்றாளாம். ஏன் என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள். உனக்கு ஞாபகமே இல்லையா என்கிற பார்வை.

ஞாபகம் வந்தது. இரண்டு பொங்கலுக்கு முன்னால். முன்னறையில் சொந்தக்காரர்கள் நிறையப்பேர். நீங்கள் கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, இந்தப் பாட்டு கொஞ்சம் வேகமாகப் போகிறதே என்றாள். நான் நாற்காலியில் இருந்தேன். "நீ மொதல்ல மிக்ஸிய நிறுத்துக்கா, அப்புறம் பாட்டு வேகத்தப் பேசலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு, அந்தப் பாட்டு நிஜமாகவே வேகமாக ஏறியிருந்தது, கேசட் பிளேயரின் பெல்ட்டை மாற்றித் திரும்ப ஏற்றிவிட்டேன் என்றீர்கள். நான் உங்களைப் பாராட்டினேன். என்ன காது மாமா உங்களுக்கு என்றேன். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்கான சட்னி.

அந்த நாற்காலியில் அக்கா ஒருநாளாவது உட்கார்ந்திருக்கிறாளா?

அதையும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை விட்டால் எல்லா நாளும் வேலை, ஞாயிற்றுக்கிழமை நீ வந்துவிடுவாய் என்றாள். குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

ரயில் போயிற்று. கேட் திறந்தது. பாலக்கோடு வரும்வரை அவளே பேசினாள். ஒவ்வொரு ஞாயிறும் நான் கிளம்பியபின் அவளுடைய அந்த வாரத்துக்கென்று நீங்கள் ஏதாவது ஏற்றிவைப்பீர்களாம். என்ன என்று சொல்லமாட்டீர்களாம். திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறித்தான் அவள் பார்ப்பாளாம். அந்தத் திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் கடையிலிருந்து ஆள் வந்துவிட்டது.

"மூணாம் நாளு எல்லாரும் நான் தூங்கறேன்னு நெனச்சாங்க. முக்காட்டுக்குள்ள ஒயர மாட்டிக்கிட்டுப் படுத்திருந்தேன். தப்புன்னு தெரியும். ஆனா அவரு எனக்குன்னு வச்சுட்டுப் போனது, கேக்காம எப்படி விடறது? ஒரேயடியாக் கேட்டா தீந்துரும். நாளைக்கு ஒண்ணுன்னு வச்சுக்கிட்டேன்."

நான் அந்த அறையின் வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன் மாமா. பாட்டே கேட்காத பெருமையோடு. பத்தடி தூரத்தில் ஒரு சேலைக்கு அடியில் நீங்கள் கொண்டுவந்த கல்யாணத்தில் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பாக்கி இருந்துச்சு" என்றாள். "பரவால்ல."

நான் கேட்டுவிட்டேன் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். பஸ் நிற்கப்போகிறது, அவள் இறங்கப்போகிறாள் என்ற அவசரத்தில் சொன்னேன். பதினாறையும் முதல் நாளே கேட்டுவிட்டேன் அக்கா என்றேன்.

"நீ எங்க பொறுப்ப?" என்றாள். கோபமில்லை. சின்ன வயதில் அவள் பங்கு மாம்பழத்தையும் நான் தின்றுவிட்டபோது இதே குரலில்தான் சொல்வாள். எழுந்து பையை மாட்டிக்கொண்டு சொன்னாள்: "எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிறாத."

இதுதான் நடந்தது.

அன்று சாயங்காலம் போன் பண்ணினேன். புது சர்வரைத் தருகிறேன், பழையதைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கும் என்றேன். பச்சை பட்டன் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியென்றால் வேண்டாம், பழையதே போதும் என்றாள். கெஸ்ட் என்பதை மாற்றி உன் பெயரைப் போட்டுவிடுகிறேன் என்றேன். "எதுக்கு? அவரு போட்டது அப்படியே இருக்கட்டும்." பிறகு சிரித்துக்கொண்டே, உனக்கும் வேண்டுமானால் ஒரு பெயர் போட்டுத்தருகிறேன் என்றாள். எப்படிப் போடுவது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அவள் வீட்டுப் பெட்டிக்குள் வர அவள் அனுமதி. மூன்றாவது ஆளாக.

சரி என்றேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் கடிதம் அழகாக முடியும். போகவில்லை. அக்கா மலிவான ஒயரில் பஸ் இன்ஜினுக்கு நடுவில் கேட்டதை நான் இத்தனை சாமான் வாங்கியும் கடைசியாகத்தான் கேட்டேன் என்பது எரிகிறது. அதைவிட எரிவது இன்னொன்று. எனக்கு நீங்கள் கேட்கச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அவளுடைய வாரத்தின் மிச்சம். என் ஞாயிற்றுக்கிழமைகள் உங்கள் இருவருக்கும் இடையில் நடந்த ஒரு பேச்சின் ஓரம். ஒருவர் வாரம் முழுக்கக் கேட்பதற்காக இன்னொருவர் ஞாயிறு மாலை தனியாக உட்கார்ந்து கேசட் ஓடவிடுவது. அப்படி ஒன்றை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் வாழ்க்கையில் யாரும் எனக்காகச் செய்யவில்லை. நானும் யாருக்காகவும் செய்யவில்லை. அதை எங்கே வாங்குவது? அதற்கு எந்த மாடல்?

இப்போது பெட்டி என் மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கிறது. என் வீட்டு இணைப்பிலிருந்து அது அக்காவின் போனுக்கு எட்டாது. நாளை அதன் சுவரில், அதன் ஆணியில் மாட்டவேண்டும். பச்சையை நான் அமுக்கமாட்டேன். அவள் அமுக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு நான் சமையலறைக்குப் போகிறேன். எனக்குத் தக்காளி ரசம் மட்டும்தான் வரும். மிக்ஸி தேவைப்படாது.

ஒரு வாக்கு தருகிறேன். பதினாறாம் நாள் சொன்னதுபோல அல்ல. அந்த இரண்டு பாட்டைப் பற்றி அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். யார் பாடுகிறார்கள், பாட்டுக்கு நடுவில் யார் சிரிக்கிறார்கள், கடைசிப் பாட்டு எந்த இடத்தில் அறுந்துபோகிறது, ஒன்றும். அவள் பதினைந்தாவதை நாளையே கேட்கலாம். பதினாறாவதைக் கேட்கமாட்டாள் என்றே தோன்றுகிறது. அது தீர்ந்துவிட்டால் நீங்கள் அவளுக்கென்று வைத்தது எல்லாம் தீர்ந்துவிடும். அதை அவள் அப்படியே வைத்திருப்பாள், வருடக்கணக்கில்.

அவள் கேட்காதவரை, நம் வீட்டில் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் நீங்களும் நானும் மட்டும். அதை நீங்கள் எனக்குத் தரவில்லை. நான் திருடினேன். திருப்பித் தரவும் வழியில்லை. வைத்துக்கொள்கிறேன் மாமா.

இத்தனை நாள் உங்களுக்கு எழுதிய ஒவ்வொரு குறுஞ்செய்தியின் கீழும் உங்கள் மச்சான் என்று போட்டேன். அந்த உறவு எனக்கு யார் வழியாக வந்ததோ, அவள் பெயரை இந்த முறை போடுகிறேன்.

காவேரியின் தம்பி